எட்டுப் பல்லுக்குப் பேசிய பேரம்

ஐம்பதுகளின் நடுவில் பல் மருத்துவப் படிப்பை முடித்துக்கொண்டு விருதுநகரில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தபோது, என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, காலால் மிதித்து ஓட்டும் பல் துளைக்கும் இயந்திரம். இன்னொன்று, பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த ஓர் அத்தியாயம். தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகுவதைப் பற்றியது அது. வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி சொத்தைப் பல் வழியாக இறங்கி எலும்பைச் சாகடிக்கும் என்று படங்களுடன் பத்துப் பக்கம். சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை கிடைத்ததும், அந்தப் பத்துப் பக்கத்தையும் நேரில் காணப்போகிறோம் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வெள்ளைப் பாஸ்பரஸைத் தீப்பெட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நான் பிறப்பதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. இந்தத் தகவல் அதே அத்தியாயத்தின் கடைசி வரியில் இருந்தது. தேர்வுக்கு வராது என்று அந்த வரியை விட்டுவிட்டிருந்தேன்.

ஆகவே முதல் ஆறு மாதம், பல் வலி என்று வந்த ஒவ்வொருவரையும் "தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். பாதிப் பேர் உண்டு என்றார்கள். அத்தனை பேருக்கும் வெற்றிலைக் காவியும் சொத்தையும்தான் இருந்தன. எலும்பு அழுகிய ஒருவர்கூட வரவில்லை. நோய்கள் என்னை ஏமாற்றுவதாக எண்ணி வருந்தினேன்.

அந்த நாட்களில்தான் மாட்டுத் தரகர் ஒருவர் தம் மனைவியோடு வந்தார். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆள். வயது நாற்பத்தைந்து இருக்கும். வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது. தோளில் ஒரு முரட்டுத் துண்டு. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரய்யா, ஒரு தடவை வாயைத் தெறங்க."

"நான்தான் அண்ணாச்சி உங்க வாயைப் பாக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல நீங்க தெறங்க."

ஏன் திறந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. திறக்கச் சொன்னால் திறக்கவைக்கும் குரல் சிலருக்கு உண்டு. எனக்கு அது கடைசிவரை வாய்க்கவில்லை. அவர் கட்டைவிரலால் என் உதட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"பல்லு இன்னும் சேரல. எளங்கன்னு."

"எளங்கன்னா இருந்தா என்ன, ஏரா இழுக்கப் போகுது? பேசாம ஒக்காந்து வாயைக் காமிங்க."

மாட்டுக்குப் பல் முழுவதும் முளைத்துவிட்டால் அதைப் பல் சேர்ந்த மாடு என்பார்கள். எனக்கு அப்போது ஞானப்பற்கள் முளைக்கவில்லை. கண்ணாடியோ விளக்கோ இல்லாமல் அந்த அறையில் அன்று செய்யப்பட்ட முதல் சரியான நோயறிதல் அவருடையது. இரண்டாவது நோயறிதல் என்னுடையது, அது தவறு.

அவருடைய மேல்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மூன்று ஆடின. சொத்தை இல்லை, ஈறுகளில் சீழ் இல்லை. ஆடுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத நல்ல பற்கள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவது உண்டு என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாஸ்பரஸ் பற்றிய பத்துப் பக்கத்தையும் படங்களை மட்டும் விட்டுவிட்டு ஒப்பித்தேன். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பெட்டி ஒட்டுறது நானு. ஒட்டுறது மாவுப் பசையில. மருந்து இருக்கிற பக்கமே போனதில்ல. அப்பிடியே இருந்தாலும் எனக்கில்ல தாடை வீங்கணும்? இவுக ஒருநாளாச்சும் ஒரு பெட்டியத் தொட்டிருந்தா நான் ஏன் இந்தக் கதியில இருக்கேன்?"

பத்துப் பக்கமும் அத்தோடு முடிந்தது.

வலி உண்டா என்று கேட்டேன், ஏதாவது கேட்கவேண்டுமே என்று. தரகர் சிரித்தார்.

"வலியா? போன சந்தையில ஒரு மயிலைக் காளை கொம்பால இங்கன கிழிச்சிருச்சு. ரத்தம் வடியுதுன்னு பக்கத்து ஆளு சொல்லித்தான் எனக்கே தெரியும். நம்ம ஒடம்பு அம்புட்டு உறுதி."

நான் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன். பஞ்சைத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, அவர் வலது கன்னத்தில் தொட்டேன். தெரியவில்லை. மேலுதட்டில் தொட்டேன். தெரியவில்லை. ஊசி முனையால் தொட்டபோதும், "ம், ஆரம்பிங்க" என்றார்.

மேல்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் அதுதான் உணர்ச்சி. சீழ் கட்டினால் அந்த நரம்பு வலிக்கும். இப்படிச் சத்தம் இல்லாமல் செத்துப்போகாது. பல் காரணமின்றி ஆடி, கன்னமும் மரத்துப்போனால், எலும்புக்குள் எதுவோ குடியேறி நரம்பைத் தின்கிறது என்று பொருள். எலும்பிலேயே முளைக்கும் புற்று. தாடையில் அது மிக அரிது. புத்தகத்தில் அதற்கு இரண்டே பக்கம்தான். எங்கள் ஆசிரியர், "இதை நீங்கள் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை" என்று சொல்லித் தாண்டிப்போன பக்கங்கள். பத்துப் பக்கத்து நோயைத் தேடிக்கொண்டிருந்தவனிடம் இரண்டு பக்கத்து நோய் வந்து, வலியே தெரியாதென்று பெருமை பேசிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தேன். பல்லின் வேர்களைச் சுற்றி எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம். வெளி ஓரத்தில், சூரியனைக் குழந்தைகள் வரைவார்களே, அதுபோல எலும்புக் கோடுகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. நடைமுறைப்படி ஒரு கடிதம் எழுதி அவர்களை மதுரைக்கு அனுப்பியிருக்கலாம். நானும் பஸ் ஏறினேன்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் வாசலுக்கு வரும் பால்தான். படத்தைப் பார்த்தார், கன்னத்தைத் தடவினார், ஆடும் பல் ஒன்றையும் அதை ஒட்டிய எலும்பில் ஒரு துணுக்கையும் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். தரகர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"மொத்தத்துல எத்தனை பல்லு எடுப்பீக?"

"அதை இப்போது சொல்ல முடியாது, ஐயா."

தரகர் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார். இங்கே மாட்டுச் சந்தையின் வழக்கத்தைச் சொல்லவேண்டும். சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் துண்டைக் கைமேல் போட்டு மூடி, உள்ளே எதிராளியின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, முழுக்கை ஐந்து. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முகங்களும் ஒரு துண்டும். பிடித்த விரலை எதிராளி திருப்பி அழுத்தித் தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பிரம்மா வந்தாலும் மாற்றமுடியாது. ஆகவே எண்ணிக்கையை இப்போது சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னதும், விஷயம் தெரிந்த ஆள் என்று தரகருக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. தோளிலிருந்து துண்டை எடுத்து மருத்துவரின் வலக்கையை மூடினார். உள்ளே கைவிட்டு இரண்டு விரலைப் பிடித்தார்.

கிராமத்து மனிதர் பயந்துபோய் ஆறுதலுக்குக் கையைப் பற்றுகிறார் என்று மருத்துவர் நினைத்தார். நல்ல மனம் கொண்டவர். கண்கள் கலங்க, அந்தக் கையைத் திருப்பி அழுத்தி, தலையையும் ஆட்டி, "எல்லாம் நல்லபடியாக முடியும்" என்றார்.

நான் இதைத் தடுத்திருக்கலாம். அப்போது சோதனைத் துணுக்கை வைக்கும் பாட்டிலில் ஒட்டவேண்டிய சீட்டில் பெயர், வயது, உறுப்பு, பக்கம், தேதி என்று ஐந்தையும் வரிசை பிறழாமல் எழுதிக்கொண்டிருந்தேன். நடைமுறையில் நான் அவ்வளவு சுத்தம்.

எலும்பை அப்படியே சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்து மிருதுவாக்கி, மெழுகில் புதைத்து, பிறகுதான் சீவவேண்டும். இரண்டு வாரம் ஆனது. முடிவு வந்தது: புற்றுதான். அதற்கு அன்று எங்கள் கைவசம் இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நோய் இருக்கும் இடத்தையும், அதைச் சுற்றி நல்ல எலும்பு ஓரளவையும் சேர்த்து மொத்தமாக வெட்டி எடுப்பது. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப முளைக்கும். மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மேல்தாடையில் வலது பாதி போகும். அதிலுள்ள பற்களும் போகும்.

"அது எத்தனை?"

"சோதனைக்கு எடுத்த பல்லையும் சேர்த்து எட்டு."

தரகர் எழுந்து நின்றார். "ரெண்டுன்னு பேச்சு."

"யார் பேசியது?"

"நீங்கதான். இதே துண்டு. ஒண்ணைக் குடுத்துட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி. எடுங்க, நான் கெளம்புறேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தரகர் வராந்தாவைத் தாண்டிவிட்டார். அவர் மனைவி மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.

"இவுக பேச்சு மாற மாட்டாக டாக்டரய்யா. கொழம்புல உப்பு இல்லைன்னு ஒருக்கா சொல்லிட்டா, நான் உப்புப் போட்டுக் கொண்டாந்த பெறகும் இல்லைன்னுதான் சொல்லுவாக."

அடுத்த வாரம் அவர் வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த வாரம், எக்ஸ்ரே படத்தையும் மதுரை அறிக்கையையும் பையில் வைத்துக்கொண்டு நான் வெம்பக்கோட்டைக்குப் போனேன். அவர் தொழுவத்தில் ஒரு கிடாரியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திரும்பியபோது கன்னத்தின் வீக்கம் கண்ணின் கீழ் இமையைத் தொட்டிருந்தது. இரண்டு வாரத்தில் அவ்வளவு. இன்னும் இரண்டு மாதம் போனால் வெட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது. வெட்டச் சொல்வதற்கு ஆளும் இருக்காது.

சுவரில் கரித்துண்டால் தாடையை வரைந்தேன். நரம்பை வரைந்தேன். புற்று எப்படிப் பரவும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். கடைசியில் சுவர் முழுக்கத் தாடை. கிடாரி கவனமாகப் பார்த்தது.

"எல்லாம் சரி டாக்டரய்யா. நீங்க சொல்றது பொய்யின்னு சொல்லல. ஆனா இன்னைக்கு நான் ரெண்டை எட்டாக்குனா, நாளைக்குச் சந்தையில என் துண்டுக்குள்ள எவன் கையை விடுவான்?"

"உசிரு போச்சுன்னா சந்தைக்கு எப்படி அண்ணாச்சி போவீங்க?"

"பேச்சு மாறுனவன் உசிரோட போயி என்ன செய்ய?"

பக்கத்தில் அவர் மனைவி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"தாயில்பட்டிக்காரர் காளையைத் திருப்பி ஓட்டிவிட்டீகளே, அது மட்டும் பேச்சு மாறுனதில்லையோ?"

"ஏய், அது வேற. அதுக்கு இழுப்பு நோயி. பேசுறப்ப வெளிய தெரியல. வாங்குனவன் கைக்குக் கயிறு போறதுக்கு முன்னால குறை தெரிஞ்சிருச்சுன்னா, பேச்சு செல்லாது. புதுசாத்தான் பேசணும். அது சந்தை மொறை."

அந்த அம்மாள் அடுத்த பெட்டியை எடுத்தார். வேண்டுமென்றே சொன்னாரா என்று அப்போதும் தெரியவில்லை, பிறகு கேட்டபோதும், "என்ன சொன்னேன்? நானு பெட்டியில்ல ஒட்டிக்கிட்டிருந்தேன்" என்றுதான் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். "அண்ணாச்சி, மதுரையில நீங்க பேசுறப்ப தாடைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"சோதனை முடிவு வந்ததுக்கு அப்புறம்தானே குறை தெரிஞ்சது?"

"ஆமா."

"கயிறு கைமாறிடுச்சா?"

தரகர் கிடாரியின் கயிற்றைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "குறையைக் காமிங்க. ஓங்க காயிதம் வேண்டாம், எனக்குப் படிக்கத் தெரியாது. கண்ணுல காமிங்க."

எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தேன். அவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்தார். நான் விளக்க வாயெடுத்தேன். சும்மா இருக்கும்படி கையைக் காட்டினார். வாழ்நாள் முழுதும் பற்களைப் பார்த்தே பிழைத்த மனிதர். இடப்பக்கத்துப் பற்களைப் பார்த்தார். வலப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் இடப்பக்கம்.

"இந்தப் பக்கம் வேரு மண்ணுல நிக்குது," என்றார் மெதுவாக. "இந்தப் பக்கம் அந்தரத்துல நிக்குது. மண்ணையே காணோம்."

எங்கள் ஆசிரியர் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"இப்பிடி ஒரு பல்லை மாட்டுல பாத்தா வாங்கவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன்," என்றவர், துண்டை உதறி என் கைமேல் போட்டார். "நீங்க மதுரைக்காரர் சார்பா பேசுங்க."

எட்டு என்று நேராகச் சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். முதல் பேச்சிலேயே கடைசி விலையைச் சொல்லி இறங்கமாட்டேன் என்பவனைச் சந்தையில் மனிதனாக மதிக்கமாட்டார்கள். அது விருதுநகரில் ஆறு மாதம் இருந்ததில் எனக்கும் தெரிந்திருந்தது. ஆகவே மருத்துவ ஒழுக்க நெறியை மனதுக்குள் வணங்கிவிட்டு, முழுக்கையை இருமுறை பிடித்தேன். பத்து.

அவர் முகம் சுளித்தார். மூன்று விரல் பிடித்தார். நான் பெருமூச்சுவிட்டு ஒன்பது என்றேன். அவர் ஐந்துக்கு வந்தார். நான் துண்டை விட்டுக் கையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவதுபோல நாலு அடி நடந்தேன். இதையும் சந்தையில் பார்த்திருந்தேன். "இருங்க, இருங்க, என்ன அவசரம்?" என்று கூப்பிட்டு ஏழு என்றார். எட்டில் முடித்தோம். அவர் என்னை இரண்டு பல் இறக்கிய திருப்தியில் இருந்தார். வலது மேல்தாடையில் மொத்தமே எட்டுப் பல்தான் என்பதை நான் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டது என் வாழ்நாளில் அதுவே முதல்முறை.

"போகட்டும்," என்று மனைவியிடம் சொன்னார். "மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது. அது திங்காமலா இருக்கு?"

"மாடு என்னைக்காவது கொழம்புல உப்பில்லைன்னு சொல்லியிருக்கா? அதுவே போதும், வாங்க."

மறுநாளே மதுரைக்குப் போனோம். ஒப்புதல் படிவத்தில் எந்த அறுவை, எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் இடம் இருந்தது. எப்படிப் பேசி முடித்தார்கள் என்பதற்கு இடம் இல்லை. தரகர் கைநாட்டு வைத்தார். மருத்துவர் இம்முறை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினார்.

அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. எடுத்த தாடையின் ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்து, சுற்றிலும் நோய் இல்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு வேலை என்னுடையது. மேல்தாடை பாதி போனால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே சுவர் இல்லை. பேசினால் காற்று மூக்கால் போகும். குடித்தால் தண்ணீரும் அப்படியே. அந்தப் பள்ளத்தை அச்செடுத்து, பற்கள் வைத்த ஒரு தட்டுச் செய்து பொருத்தவேண்டும். அதை மாட்டினால் பேச்சும் விழுங்குவதும் சரியாகும். கழற்றினால் பழையபடி.

நான் முதலில் செய்த தட்டுப் பொருந்தவில்லை. இரண்டாவதும் பொருந்தவில்லை. மூன்றாவதை மாட்டிக்கொண்டு தரகர் முதல் வார்த்தையாக, "பல்லு வெள்ளை சாஸ்தி. பாக்கிறவன் வயசைக் குறைச்சு மதிப்பான்" என்று குறை சொன்னார். அவர் பேச்சு திரும்பிவிட்டது என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே, "மூணு மாசம் வீடு எம்புட்டு அமைதியா இருந்துச்சு" என்றார்.

தட்டு வந்தபின் சந்தையில் அவர் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. வாங்குகிறவர் ஒரேயடியாகக் குறைத்துப் பேசினால், தட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூக்கால் திட்டுவாராம். என்ன சொல்கிறார் என்று புரியாததால் யாரும் பதில் திட்டமுடியாது. நான் எந்தப் புத்தகத்திலும் இந்தப் பயன்பாட்டைப் படித்ததில்லை.

தட்டு பொருந்திய அன்று, மனைவி பஸ் நேரம் விசாரிக்க வெளியே போன சமயம், அவர் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். எதைப் பற்றி என்று கேட்டேன்.  அவர் என் கண்ணை மட்டும் பார்த்தார். அவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கேட்கிறார் என்று புரிந்தது.

அந்த இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. அதன்படி சொல்வதானால் ஒரு விரல்கூட நீட்டத் துணியக் கூடாது. நான் முழுக்கையைப் பிடித்தேன். ஐந்து. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறைவாகத் தொடங்கிவிட்டேன் என்று உணர்ந்து, மறுபடியும் முழுக்கையைப் பிடித்தேன். பத்து. அவர் அழுத்தினார், தலையாட்டினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லாத சரக்கை அன்று பேசி முடித்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒன்றும் இருக்காது. தட்டைத் தேய்த்துக் கொடுப்பேன். மழை, பருத்தி, மாட்டு விலை பேசிவிட்டுப் போவார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள், வரவேண்டிய முறை இல்லாத நாளில், கதவருகே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பின்னால் மனைவி.

"டாக்டரய்யா, பேச்சு நேத்தோட முடிஞ்சுது."

எந்தப் பேச்சு என்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. பத்து வருடம் முடிந்த தேதி அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைக் காட்டினேன். அவர் அருகில் வந்து, பழைய குரலில், "மொதல்ல நீங்க வாயைத் தெறங்க" என்றார். திறந்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்பத்தான் பல்லு சேந்திருக்கு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, துண்டை உதறி என் கைமேல் போட்டார்.

நான் முழுக்கையை இருமுறை பிடித்தேன். அவர் தலையாட்டவில்லை. மூன்றாம் முறையும் பிடித்தேன். அப்போதும் ஆட்டவில்லை. துண்டுக்குள் நடப்பது அவர் மனைவிக்குத் தெரியுமோ தெரியாதோ, தெரியாததுபோல் இருந்தார்.

"எம்புட்டு கேக்காகளோ குடுத்துட்டு விடுங்க டாக்டரய்யா," என்றார். "ரெண்டே கால் பஸ்ஸு போயிரும்."